நண்டுக்கால் குறி போட்ட ஈயம்

சங்கந்தாழையில் ஈயம் தானாக வீடு திரும்பத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது, அதனால் அதைப் பார்த்து வாயைப் பிளப்பதை ஊர் எப்போதோ விட்டிருந்தது. வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற ஈயமணிகளை அங்கே ஒவ்வொரு வீடும் தன் மாக்கல் அச்சில் தானே ஊற்றிக்கொள்ளும், அச்சின் குழிக்குள் அந்த வீட்டுக் குறி வெட்டியிருக்கும், தெக்லா வீட்டுக்கு நண்டுக்கால், அடுத்த வீட்டுக்கு ஏணி, கோயில்பிள்ளை வீட்டுக்குச் சாவி, எந்த வலை எந்தக் கரையில் அறுந்து ஒதுங்கினாலும் குறியைப் பார்த்து வீடு சேர்க்க வேண்டும் என்பது ஊர்க்கட்டு. ஒரு பெரும்புயலுக்குப் பிறகு, ஊர்க்காரர்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று ஈயமே முடிவு கட்டியதுபோல, கடலில் போன மணிகள் விடியற்காலையில் மணலில் கோடு கிழித்துக்கொண்டு உருண்டு வந்து அவரவர் வாசற்படியில் உட்கார ஆரம்பித்தன. முதல் வாரம் ஊர் ஜெபமாலை சொன்னது, இரண்டாம் வாரம் பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்தார், மூன்றாம் வாரம் வாசல் பெருக்குகிற பெண்கள் "வந்துட்டியளா, வாங்க" என்று முறத்தில் அள்ளி மூலையில் கொட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

கல்யாணங்களில்தான் சிக்கல் வந்தது. மருமகனுக்குக் கொடுத்த வலையின் ஈயம் ஒரே வாரத்தில் பெண் வீட்டுக்கே திரும்பி வந்துவிட, கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சம்பந்திகள் மல்லுக்கு நின்றார்கள். பல தடவை தப்புச் செய்து பார்த்துத்தான் ஊர் அதற்கு வழி கண்டுபிடித்தது: கொடுக்கிறவர் வாங்குகிறவர் உள்ளங்கையில் வைக்க வேண்டும், இது என்ன, இதுவரை எங்கே கிடந்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனசோடு தாரேன் என்று முடிக்க வேண்டும், மூன்றில் ஒன்று பொய்யானாலும் ஈயம் திரும்பி வந்துவிடும். ஒரு மாமியார் மூன்று தடவை மனசோடு தாரேன் என்று சொல்லி மூன்று தடவையும் ஈயம் திரும்பி வந்து, அவளுடைய மனசு தெருவுக்கே வெளிச்சமான கதையைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள். இப்படிச் சிரித்துச் சிரித்தே அந்த ஊர் எதையும் செரித்துவிடும், தெக்லாவுக்கு அந்த ஊர் மேல் ஆத்திரம் வந்ததும் அதனால்தான்.

நிலக்கரி இறக்குகிற துறைமுகம் வருகிறது, கடற்கரையைக் காலி செய்யுங்கள் என்று சொன்னபோது சங்கந்தாழை மறுத்தது. மறுத்ததற்குத் தண்டனையாகக் காவல்துறை வந்து கரையில் உலர்ந்த வலைகளை எல்லாம் வாரிக்கொண்டு போனது. நூலை எரித்தார்கள், ஈயத்தை இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள், பூட்டுக்குள் இருக்கிற ஈயத்தால் வர முடியாது. பெட்டி எங்கே போயிற்று, எந்தப் பட்டறையில் உருகிற்று, எந்தக் குண்டின் உறைக்குள் அடைபட்டது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில், சாலையில் உட்கார்ந்திருந்த ஜனங்களைப் பார்த்து டி.எஸ்.பி. கோவர்த்தனன் கையை உயர்த்தி இறக்கினார், ஒரு வெடிச்சத்தம் கேட்டது, தெக்லாவின் புருஷன் தொம்மை கையில் தண்ணீர்க் குடத்தோடு விழுந்தான்.

யாரும் சுடவில்லை என்றது அறிக்கை. வானத்தைப் பார்த்து எச்சரித்தோம், இறந்த நபர் ஓடும்போது தடுக்கி விழுந்து கூர்மையான கல் நெஞ்சில் குத்தியது என்றது. தொம்மை ஓடவில்லை, உட்கார்ந்திருந்த கிழவிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான், அந்தச் சாலையில் கூரான கல் ஒன்றுகூடக் கிடையாது, இருந்தால் அன்றைக்கு ஊர் அதைப் பொறுக்கி எறிந்திருக்கும். சவப்பெட்டியை ஆணியடித்துத்தான் தந்தார்கள், போலீஸ் காவலோடுதான் புதைத்தார்கள்.

ஏழாம் நாள் பூசைக்காக விடியலில் வாசல் தெளிக்க வந்த தெக்லா படியில் அதைப் பார்த்தாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து தன் வாசல்வரை மணலில் ஒரு கோடு வந்திருந்தது, வீட்டுக்குள் வருகிறவர் செருப்பைக் கழற்றிவிடுவதுபோலச் செம்பு உறையை வேலியோரம் கழற்றிப் போட்டுவிட்டு ஈயம் மட்டும் படியேறி உட்கார்ந்திருந்தது. நுனி நசுங்கிய ஒரு துண்டு, அடியில் உருக்குக்கும் எப்படியோ தப்பி நின்ற நண்டுக்கால் குறி. அவர்கள் வீட்டு ஈயம், அவளும் தொம்மையும் எதிரும்புதிருமாக உட்கார்ந்து ஊற்றிய ஈயம். தெக்லா அதை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டாள், ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. யாரும் பிடுங்கிவிடக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

ஊர் வந்து பார்த்தது, உச்சுக்கொட்டியது, பிறகு தனக்குத் தெரிந்ததைச் சொன்னது.

"பாவம், பூட்டுக்குள்ள கிடந்து ஏங்கியிருக்கும். திறந்து விட்டதும் வீட்டுக்காரனைப் பாத்து ஓடி வந்துருக்கு" என்றாள் ஏணி வீட்டுக்காரி. "அதுக்கு என்ன தெரியும், வீட்டைத் தேடி வந்த ஈயந்தான?"

தெக்லா துண்டைக் கையில் துப்பிக்கொண்டு எழுந்தாள். "ஈயம் வந்துச்சாக்கும்? அதுக்குக் கால் இருக்கு, கை இருக்கா? துப்பாக்கியை எடுத்தது ஈயமா? கையை இறக்குனது ஈயமா? இன்னொரு தடவை என் வாசல்ல நின்னு ஈயம் வந்துச்சுன்னு சொன்னிய, உங்க வாயில காய்ச்சி ஊத்திருவேன்."

கூட்டம் கலைந்தது. ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து ஊரில் அதுதான் பேச்சு, ஈயம் வீடு வந்தது, தொம்மை குறுக்கே இருந்துவிட்டான், ஆண்டவர் சித்தம். சுட்டவனைப் பற்றிப் பேசினால் பயப்பட வேண்டியிருந்தது, ஈயத்தைப் பற்றிப் பேசினால் ஆச்சரியப்பட்டால் போதும்.

தாலுகா அலுவலகத்தில் விசாரணை ஆணையம் உட்கார்ந்தபோது தெக்லா துண்டைக் கொண்டுபோய் நீட்டினாள். உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து அலமாரியில் பூட்டினார்கள். மறுநாள் எழுத்தர் அலமாரியைத் திறந்தார், அதற்கு மறுநாள் துண்டு அவள் வாசலில் இருந்தது. இரண்டாவது தடவை கொடுத்தாள், வந்துவிட்டது. மூன்றாவது தடவை எழுத்தர் கிழியாத உறையைக் கவிழ்த்துக் காட்டி, "ஒண்ணுமில்லாத கவரைக் குடுத்துட்டு குண்டு குண்டுங்கிறே, பொய்ச் சாட்சின்னு உள்ளே போட்டுருவாங்க" என்று சொல்லி, சாட்சிப் பொருள் எதுவும் ஒப்படைக்கப்படவில்லை என்று எழுதிக்கொண்டார்.

"சொல்ற மாதிரிச் சொல்லிக் குடுக்க வேண்டியதுதான தெக்லா" என்றார்கள் ஊரில். அவள் சொல்லித்தான் கொடுத்தாள். இது குண்டு, என் புருஷன் நெஞ்சில் கிடந்தது என்பதுவரை நாக்கு வந்தது. மனசோடு தாரேன் என்பதைச் சொல்லும்போதே பொய் என்று அவளுக்குத் தெரிந்தது, அதைத் தர அவளுக்கு மனசில்லை, அவனுக்குள் கடைசியாகப் போனது அது, ஏழு நாள் அவனோடு மண்ணில் இருந்தது, அது தலையணைக்கடியில் இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

ஆணையமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று முடிவு செய்த அன்று, தன் உடன்பிறந்தான் வியாகுலத்தின் மச்சுக்குள்ளிருந்து ஒரு நாட்டுக் கைத்துப்பாக்கியை எடுத்து வந்தாள். அது அவன் கைக்கு எப்படி வந்தது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை, குண்டு இல்லாமல் அது துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் கூடையில் மீனுக்கடியில் வைத்து நேராகக் காஸ்பர் வீட்டுக்குப் போனாள்.

காஸ்பர் தொம்மையின் சித்தப்பா மகன், ஊருக்கே அச்சு வெட்டுகிறவன், நாற்பது வயசு, யாரோடும் ஒத்துப்போகாத சிடுமூஞ்சி. கூடையில் இருந்ததைப் பார்த்துவிட்டு உளியைக் கீழே வைத்தான்.

"மைனி, இது நமக்கு வேண்டாம்."

"நான் உங்கிட்ட யோசனை கேக்க வரல. அச்சு கேக்க வந்தேன்."

அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே பலகையில் இருந்த மாக்கல் அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். வஞ்சிர வலைக்கு நீள மணி, இறால் வலைக்கு உருண்டை மணி, தூண்டிலுக்குக் கண்ணீர்த்துளி மணி. அச்சு வாங்க வருகிற புதுப்பெண்களிடம் கேட்கிற கேள்விகளைத்தான் அவளிடமும் கேட்டான், வேறு பேச்சு அவனுக்குத் தெரியாது.

"எத்தனை குழி வேணும்?"

"ஆறு."

"இதுவரைக்கும் தனியா ஊத்துனது உண்டுமா? தொம்மை அண்ணன்தான ஊத்துவாவ, நீங்க அச்சைப் பிடிப்பிய. பழகாத கைக்கு ஆறு குழி ஆகாது மைனி. ஒண்ணுல ஊத்திட்டு அடுத்ததுக்குப் போறதுக்குள்ள கரண்டியில ஈயம் உறைஞ்சுரும். ஒத்தைக் குழி எடுங்க. ஒண்ணு ஊத்துனாலும் உருப்படியா இருக்கும்."

"சரி. ஒத்தைக் குழி. எனக்கும் ஒரு ஆளுதான்."

"மூக்கு எப்படி? கூர்மையா, மொட்டையா?"

"எது வலிக்கும்?"

காஸ்பர் உளியை எடுத்து அதன் முனையை விரலால் தடவினான். "கூர்மூக்குல ஈயம் போய்ச் சேராது, நுனி பொக்கையாப் போவும். புதுசா ஊத்துறவங்களுக்கு உருட்டு மூக்குதான் சரி" என்று கல்லைப் பார்த்துச் சொன்னான். பிறகு, "அளவு?" என்றான்.

தெக்லா முந்தானை முடிச்சை அவிழ்த்து, நுனி நசுங்கிய துண்டைப் பலகையில் வைத்தாள். "தொம்மை நெஞ்சுல கிடந்த அளவு."

அவன் அதைத் தொடவில்லை. தொடாமலே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான், கண் நிறைந்து வழிந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டு புதுக் கல் ஒன்றை எடுத்து மடியில் வைத்தான்.

மூன்று நாளில் அச்சு வந்தது, இரண்டு பாதி, நடுவில் முளை, உள்ளே ஒரே ஒரு குழி. முற்றத்தில் அடுப்பு மூட்டி, வீட்டில் மிஞ்சியிருந்த பழைய வலையின் மணிகளை அறுத்து இரும்புச் சட்டியில் போட்டு உருக்கினாள். ஊர்ப் பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள், குண்டு ஊற்றுகிறாள் என்று தெரிந்தும் யாரும் தடுக்கவில்லை, வாயும் சும்மா இருக்கவில்லை, அச்சு சூடாகவில்லை தெக்லா, அதுதான் தோல் சுருங்கி வருகிறது என்றாள் ஒருத்தி, மெழுகு ஒரு துளி போடு என்றாள் இன்னொருத்தி, பணியாரம் சுடுகிற வீட்டில் யோசனை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் புருஷன்மார் ஈயம் வீடு வந்த அதிசயத்தை டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் ஆறு சுருங்கிப் போயின, ஏழாவதும் அடுத்த மூன்றும் வழவழவென்று விழுந்தன. ஆறின பிறகு எடுத்துத் திருப்பினாள், நான்கின் அடியிலும் நண்டுக்கால் குறி இருந்தது.

அதன் அர்த்தம் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை, நம் வீட்டு அச்சில் நம் குறிதானே இருக்கும் என்றுதான் நினைத்தாள். வியாகுலம் துப்பாக்கியைத் தயார் செய்து கொடுத்தான். உடைமரக் காட்டுக்குள் போய், மொட்டைப் பனை ஒன்றுக்கு டி.எஸ்.பி. என்று மனதுக்குள் பெயர் வைத்து, கண்ணை மூடாமல் சுட்டாள். பனையில் ஒரு கீறல்கூட விழவில்லை. நான்கு தடவை சுட்டுவிட்டுத் திரும்பி வந்தால், நான்கும் அவளுக்கு முன்னாலேயே வீடு வந்து வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒன்றுகூட நசுங்கவில்லை, சூடுகூட இன்னும் ஆறவில்லை.

காலால் எத்தினாள். அவை உருண்டுபோய் மறுபடி படியேறின. அச்சைத் தூக்கிக்கொண்டு காஸ்பர் வீட்டுக்குப் போய் அவன் முன்னால் போட்டாள், கல் விளிம்பில் சில் தெறித்தது.

"எவனைச் சுடுறதுக்கு எவம் வீட்டுக் குறியப் போட்டு வெட்டுன?"

காஸ்பர் அச்சைத் திறந்து பார்த்து வெலவெலத்துப் போனான். "குறி போடக்கூடாதுன்னு நினைச்சுத்தான் மைனி உக்காந்தேன். சத்தியமாப் போடல. கை போட்டுருக்கு. இருபத்தஞ்சு வருசமா குழி முடிஞ்சா குறின்னு பழகுன கை."

"அப்ப இன்னொண்ணு வெட்டு. அவம் குறியப் போட்டு வெட்டு."

"அவனுக்கு ஏது குறி? அவனுக்கு அச்சு உண்டா, வலை உண்டா? குறி இல்லாத ஆளுகிட்ட ஈயம் போகாது மைனி, நீங்க பீரங்கியில வச்சுச் சுட்டாலும் பாதி வழியில திரும்பி உங்க வாசலுக்குத்தான் வரும்." அவன் எரிச்சலோடு அச்சை மூடினான். "போகணும்னா ஒரே வழிதான். கையில குடுக்கணும்."

தெக்லா அவனை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது காஸ்பரை அல்ல, அவன் சொன்னதை. நான்கு குண்டுகளையும் அன்றே உருக்கி வலைமணியாக ஊற்றிவிட்டாள், துப்பாக்கி வியாகுலத்தின் மச்சுக்குத் திரும்பிப் போனது. நசுங்கிய துண்டை மட்டும் எட்டு நாள் கையிலேயே வைத்திருந்தாள், எட்டு நாளும் அதைத் திட்டினாள், கொஞ்சினாள், தொம்மையிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அதனிடம் சொன்னாள், சொல்லச் சொல்ல மனசு எதற்கோ தயாராவதை உணர்ந்தாள். மனசு இளகவில்லை. அவளுடைய கோபம் அவளுடைய ஆசையைவிடப் பெரிசாகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆணையத்தின் கடைசி அமர்வுக்கு டி.எஸ்.பி. கோவர்த்தனன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார், பதவி உயர்வு உறுதியாகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். வராந்தாவில் அவர் முன்னால் தெக்லா போய் நின்றாள். நீட்டுகிற மனுவை வாங்கி வாங்கிப் பழகின கை, என்ன ஏது என்று பார்க்காமல் தானாக முன்னால் வந்தது. காஸ்பருடைய கையைப் போலத்தான் அதுவும். விரிந்த அந்த உள்ளங்கையில் அவள் துண்டை வைத்தாள்.

"இது குண்டு" என்றாள், வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில். "என் புருஷன் தொம்மை நெஞ்சுல கிடந்துச்சு. நீ சுடச் சொல்லி அங்க போச்சு. இந்தா, மனசோட தாரேன்."

இந்த முறை நாக்கு தடுக்கவில்லை. சொன்ன மறுநிமிஷம் அவளுக்குக் கை வெறுமையாகிவிட்டது, அந்தத் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் அழவில்லை, அவன் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். கோவர்த்தனன் சிரித்துவிட்டுத் துண்டைக் குப்பைக்கூடையில் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவருடைய ஜீப் ஓட்டுகிற காவலர், லீவுக்கு வரும்போதெல்லாம் தெக்லாவிடம் மீன் வாங்குகிறவர், சொல்லித் தெரிந்தது. மறுநாள் காலை இட்லித் தட்டில் சட்னிக்குப் பக்கத்தில் அது இருந்ததாம். ஜன்னல் வழியாக எறிந்தாராம், சட்டைப் பையில் வந்ததாம். ஆற்றில் போட்டாராம், சுவரில் புதைத்துச் சிமெண்ட் பூசினாராம், வடக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு இந்தக் காவலரையும் கூட்டிப் போனாராம், புது வீட்டில் பால் காய்ச்சுகிற அன்று பானைக்கடியில் கிடந்ததாம். பெட்டியில் பூட்டி வைத்தால் வரவில்லை, ஆனால் யாராவது திறந்துவிடுவார்களோ என்று பூட்டிய பெட்டியை விட்டு அவரால் ஓர் எட்டு நகர முடியவில்லை. கடைசியில் காவலரிடமே நீட்டி, "இந்தா, உனக்குத்தான், வச்சுக்கோ" என்றாராம்.

"சும்மா குடுத்தா எங்கிட்ட நிக்காதாம்ல ஐயா" என்றாராம் காவலர். "அது என்ன, எங்க கிடந்துச்சுன்னு வாய்விட்டுச் சொல்லணுமாம். அப்புறம் மனசோட தாரேன்னு சொல்லணுமாம். சொல்லுங்க, வாங்கிக்கிடுதேன்."

கோவர்த்தனன் வாயைத் திறந்தாராம். கல் என்று சொல்ல வந்தாராம். துண்டு கையில் கனத்தது, வாயை மூடிக்கொண்டாராம்.

சங்கந்தாழையில் இப்போது இதையும் ஒரு அதிசயமாகப் பேசிக்கொள்கிறார்கள், பாரேன், ஈயம் எங்கேயெல்லாம் போகிறது என்று. தெக்லாவின் காதுபட யாரும் பேசுவதில்லை. அவள் விடிவதற்குள் எழுந்து வாசல் தெளித்து, படியைத் துடைத்து, கல்லறைத் தோட்டத்துப் பக்கம் பார்க்காமல் ஊருக்கு வெளியே போகிற சாலையைப் பார்க்கிறாள். அந்தத் துண்டைக் கோவர்த்தனன் எவனிடம் கொடுத்தாலும் அது குண்டு, தொம்மை என்பவன் நெஞ்சில் கிடந்தது என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும், சொல்லாதவரை அது அவனுடையது. சொன்னால், அதைக் கேட்டவன் எவனாக இருந்தாலும் அவனுக்குத் தெரியும், அதை யாரிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டுமென்று. அதுவரைக்கும் படி காலியாகத்தான் இருக்கிறது. அவள் அதைத் தினமும் துடைக்கிறாள்.